பதினேழாவது வீட்டின் எக்ஸ்

சுவரில் எழுதுவதைக் கடைசி வேலையாக வைத்திருந்தாள் சமுந்தரி தேவி. முதலில் குழந்தையின் வாய். அடுத்து இடது கைச் சுண்டுவிரலில் மை. அதன் பிறகுதான் சுவர். போலியோ சொட்டு மருந்துச் சுற்று நடக்கிற ஐந்து நாளும் இந்த வரிசை மாறாது.

இரண்டிரண்டு பேராகப் போகிற மற்ற ஜோடிகள் அப்படியில்லை. காலையிலேயே ஒரு வரிசை வீடு முழுக்க "பி" எழுதிக்கொண்டே போய்விடுவார்கள். பிறகு ஆற அமரத் திரும்பி வந்து பிள்ளைகளைத் தேடுவார்கள். ஒரு வீட்டில் "பி" இருந்தால் அங்கே ஐந்து வயதுக்குட்பட்ட எல்லாப் பிள்ளைக்கும் மருந்து விழுந்துவிட்டது என்று பொருள். ஒரே ஒரு பிள்ளை விட்டுப்போயிருந்தாலும் "எக்ஸ்" போட வேண்டும். எக்ஸ் வீட்டுக்கு ஆறாம் நாள் வேறு இரண்டு பேர் வந்து மறுபடி குரல் கொடுப்பார்கள். ஆகவே சாக்பீஸ் கோடுதான் என்றாலும், அந்த ஆறாம் நாள் யார் எந்தப் பிள்ளையைத் தேடிப் போவார்கள் என்பது அந்தக் கோட்டில்தான் இருந்தது.

கதம்டோலா, கோசி ஆற்றுக்கும் அதன் கரைக்கட்டுக்கும் நடுவே கிடக்கிற குடியிருப்பு; டோலா என்பார்கள். ஆறு நினைத்தால் இருக்கும், நினைக்காவிட்டால் இல்லை. சமுந்தரி வாழ்க்கைப்பட்டு வந்த இருபத்தெட்டு வருஷத்தில் அவள் வீடு ஏழு இடம் மாறிவிட்டது. சணல்குச்சித் தட்டி, அதன்மேல் மண்பூச்சு; இதையெல்லாம் விட்டுவிட்டுப் போய்விடலாம். பலகைக் கதவை மட்டும் கழற்றிப் படகில் ஏற்றிக்கொள்வார்கள். கணவர் ராம்சலித்தர் லூதியானா தானிய மண்டியில் மூட்டை தூக்குகிறார். கார்த்திகை மாதத்தில் சூரியனைக் கும்பிடுகிற சட் பூஜைக்கு ஊர் வருவார், பதினைந்து நாளில் திரும்பிவிடுவார்.

அவள் ஐந்தாம் வகுப்பு வரை படித்தவள். வீடு வீடாகப் போகத் தயங்காத, படகு தள்ளத் தெரிந்த பெண் வேண்டும் என்று ஆரம்ப சுகாதார நிலையத்தில் கேட்டபோது, ஆற்றுக்குள் இருந்த டோலாக்களிலிருந்து இவள் ஒருத்திதான் போய் நின்றாள். நீலக் குளிர்பெட்டியைத் தோளில் மாட்டிக் கொடுத்தார்கள்.

இரண்டாம் வருஷம் ஒரு தவறு நடந்தது. ஒரு முற்றத்தில் பிள்ளைகள் முண்டியடித்துக்கொண்டு நின்றார்கள். அவசரத்தில் வாய்க்கு முன்னால் விரலுக்கு மை வைத்துவிட்டாள். மை வைத்த ஒரு பையன் ஓடிவிட்டான். அவனுக்குச் சொட்டு விழுந்ததா, அவன் ஓடியது அதற்கு முன்னாலா பின்னாலா என்று சாயங்காலம் பெட்டியைத் திருப்பிக் கொடுக்கும்போது அவளால் சொல்ல முடியவில்லை. மறுநாள் அவர்கள் குடும்பத்தோடு செங்கல்சூளைக்குப் போய்விட்டார்கள். ஒன்றும் ஆகவில்லை. பையன் நன்றாகத்தான் வளர்கிறான். எருமையின் முதுகில் ஏறி ஆற்றைக் கடக்கிறான். ஆனாலும் அவன் எதிரே வரும்போதெல்லாம் சமுந்தரியின் கண் முகத்துக்குப் போகாமல் முதலில் அவன் கால்களுக்குப் போகும். செய்தோமா இல்லையா என்று தெரியாமல் போனது அவளுக்குள் ஒரு சிராய் மாதிரி தங்கிவிட்டது. அதிலிருந்துதான் வாய், விரல், சுவர் என்று வரிசை வைத்துக்கொண்டாள்.

கேள்விக்கும் அவளிடம் ஒரு வரிசை உண்டு. "வீட்ல எத்தனை பிள்ளை?" என்று கேட்கவே மாட்டாள். அப்படிக் கேட்டால் பெயர் வைத்த பிள்ளைகளைத்தான் சொல்வார்கள். பிள்ளை பெற்ற அறையின் வாசலில் தணல் பானை ஒன்று ஆறு நாளும் புகைந்துகொண்டிருக்கும். ஆறாம் நாள் சடங்கன்று விதி எழுதுகிற தெய்வம் வந்து நெற்றியில் எழுதிவிட்டுப் போன பிறகுதான் அது அந்த வீட்டுப் பிள்ளை. அதுவரை விருந்தாளி. விருந்தாளியைக் கணக்கில் சேர்த்துச் சொன்னால் வந்த வழியே போய்விடும் என்று பயம். உள்ளே மூன்றாவது அழுதுகொண்டிருக்கும்போதே வாசலில் "ரெண்டு பிள்ளை" என்பார்கள். அது அவர்கள் மனசில் பொய்யே இல்லை.

அதனால் சமுந்தரி முதலில் அடுப்பைக் கேட்பாள். இந்த முற்றத்தில் எத்தனை அடுப்பு எரிகிறது, ஒவ்வொரு அடுப்புக்கும் எந்த மருமகள், போன சுற்றில் வயிற்றோடு இருந்தவள் யார், விருந்தாளி யாராவது வந்திருக்கிறார்களா. கடைசியில் வீட்டைச் சுற்றிப் பின்பக்கம் போய்த் தணல் பானை இருக்கிறதா என்று பார்ப்பாள். இப்படிச் செய்தால் ஒரு வீட்டுக்குப் பத்து நிமிஷம். இப்படிச் செய்தால் எக்ஸும் அதிகம்.

எக்ஸ்தான் தொந்தரவு.

அந்த வருஷம் சட் பூஜை முடிந்த கையோடு சுற்று அறிவித்தார்கள். லூதியானா, தில்லி போனவர்கள் எல்லாம் ஊரில் இருக்கிற நேரம். முதல் நாள் கூட்டத்தில் சூப்பர்வைசர் நவல்கிஷோர் பாபு, மேலிடத்திலிருந்து வந்த தாளை நீட்டிப் பிடித்துக்கொண்டு பேசினார்.

"இந்தத் தடவை ஒரே இலக்குதான். எக்ஸ் இல்லாத சுற்று. போன தடவை நம்ம பகுதியில நாற்பத்தொரு எக்ஸ். அதுல இருபத்தாறு ஒரே ஜோடி போட்டது. யாருன்னு நான் சொல்ல மாட்டேன். தரன்னுமுக்குத் தெரியும்."

கூட்டம் சிரித்தது. தரன்னும் சமுந்தரியின் ஜோடி. கரைக்கட்டு ஊரில் தையல்காரர் மனைவி. தாளில் எழுதுகிற வேலை அவளுடையது. முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு எழுந்தாள்.

"நாங்கதான் பாபு அந்த இருபத்தாறு. மத்த டோலாவுல பொம்பளைங்க பிள்ளை பெறறதையே விட்டுட்டாங்க போல. எங்களுக்குத்தான் யாரும் தகவல் சொல்லலை."

நவல்கிஷோரும் சேர்ந்து சிரித்தார். கெட்ட மனிதர் இல்லை. ஒவ்வொரு சாயங்காலமும் பெரிய கூட்டத்தில் எக்ஸ் எண்ணிக்கையைப் பெயரோடு வாசிப்பார்கள். அவர் பெயர்தான் முதலில் வரும். கூட்டம் கலைந்த பிறகு சமுந்தரியைத் தனியே நிறுத்தினார்.

"டோலாக்களுக்கெல்லாம் சேர்த்து ஒரு சுகாதார ஊழியர் எடுக்கறாங்க, தெரியும்ல? வருஷம் முழுக்க வேலை. எட்டாவது படிச்சிருக்கணும்னு விதி. ஆத்துக்குள்ள அப்படி ஆள் கிடையாதுன்னு தளர்த்தியிருக்காங்க. திங்கட்கிழமை பட்டியல் போகுது. உங்க பேரைத்தான் எழுதி வச்சிருக்கேன். இந்த ஒரு சுற்று சுத்தமா முடிச்சுக் குடுங்க. மேலே கேட்டா காட்டறதுக்கு எனக்கு ஒரு தாள் வேணும்."

"சரி பாபு" என்றாள் சமுந்தரி.

அந்த வேலை அவளுக்கு எவ்வளவு தேவை என்று அவருக்குத் தெரியாது. ராம்சலித்தரின் வலது தோள் போன வருஷமே இறங்கிவிட்டது. சாப்பிடும்போது கூட இடது கையால் வலது முழங்கையைத் தாங்கிக்கொண்டுதான் சோற்றை எடுத்தார். அவளுக்கு வருஷம் முழுக்க ஒரு வேலை இருந்தால் அவர் லூதியானா ரயில் ஏற வேண்டாம். செய்தியை அவரிடம் சொன்னாள். செவ்வாய்க்கிழமைக்கு எடுத்து வைத்திருந்த டிக்கெட்டைச் சட்டைப் பையிலிருந்து எடுத்துப் பார்த்துவிட்டுத் திரும்ப வைத்துக்கொண்டார்.

மூன்று நாள் நன்றாகவே போனது. இரண்டு வீட்டுக்கு இரண்டு முறை நடந்தார்கள், ஒரு வீட்டுக்கு நாலு முறை. மாமன் வீட்டுக்குப் போன பிள்ளை திரும்பும் வரை படகுத்துறையில் உட்கார்ந்திருந்தார்கள். எக்ஸ் ஒன்றுகூட விழவில்லை. அதுவும் வரிசை மாறாமலே.

புதன்கிழமை விடியற்காலை மகள் ரூணாவுக்கு ஆண்பிள்ளை பிறந்தது. பிரசவத்துக்கு அம்மா வீடு வந்திருந்தாள். முதல் பிள்ளையைப் பெற்று நாலாம் நாளே பறிகொடுத்தவள். சமுந்தரியின் ஓரகத்தி புதேஸ்ரி தொப்புள்கொடி கவனித்து, குளிப்பாட்டி, அறை வாசலில் தணல் பானையை வைத்தாள்.

வியாழக்கிழமை கதம்டோலாவின் முறை. வரிசைப்படி பதினேழாவது வீடு சமுந்தரியுடையது.

"உன் வீடுதானே தீதி, தாளை நான் பூர்த்தி பண்ணிடறேன். நீ உள்ளே போய் ரெண்டு வாய் அவல் தின்னுட்டு வா" என்றாள் தரன்னும். அக்கா என்பதை அவர்கள் பக்கம் தீதி என்பார்கள்.

சமுந்தரி முற்றத்துக்கு வெளியே நின்றாள். மற்ற பதினாறு வீட்டுக்கும் நின்ற அதே தூரத்தில்.

"வீட்ல யாரு?"

கடுகுக்கீரை ஆய்ந்துகொண்டிருந்த புதேஸ்ரி தலை தூக்கிப் பார்த்தாள். "உன் வீட்டு வாசல்ல நின்னுகிட்டு வீட்ல யாருங்கறியே. வெயில் மண்டைக்கு ஏறிடுச்சா?"

"இந்த முற்றத்துல எத்தனை அடுப்பு தீதி?"

"அடுப்பு ரெண்டு எரியுது. வயிறு ஒண்ணு எரியுது, அது என்னோடது. ரெண்டையும் எழுதிக்கோ."

தரன்னும் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். சமுந்தரி சிரிக்கவில்லை. அடுத்த கேள்விக்குப் போனாள். "போன சுற்றுல வயித்தோட இருந்தவங்க யாராவது?"

புதேஸ்ரியின் கை கீரையில் நின்றது. தணல் பானைப் பக்கம் ஒரு பார்வை போய் வந்தது. "உனக்குத் தெரியாததா" என்றாள், குரலை இறக்கி. "எண்ணாதே, சமுந்தரி. நாளைக்கு மறுநாள் நாலாம் நாள்."

சமுந்தரி கால் கழுவிக்கொண்டு, தணல் மேல் கையைக் காட்டிவிட்டு அறைக்குள் போனாள். ரூணா சுவரோடு சாய்ந்து பிள்ளைக்குப் பால் கொடுத்துக்கொண்டிருந்தாள். பெட்டியைப் பார்த்ததும் முந்தானையை இழுத்துப் பிள்ளையின் முகத்தை மூடினாள்.

"மாய், வேண்டாம்" என்று அம்மாவைத் தடுத்தாள்.

"ரெண்டே சொட்டு. பிறந்த பிள்ளைக்கும் போடலாம். பால் குடிச்சாலும் போடலாம். இதனால ஒரு..."

"நீ எல்லா வீட்லயும் சொல்றதுதானே. எனக்கு மனப்பாடம்." ரூணா பிள்ளையின் தலையைத் தடவினாள். "போன தடவையும் எல்லாரும் ஒண்ணும் ஆகாதுன்னுதான் சொன்னாங்க. ஆறு நாள் போகட்டும். தாய்ப்பாலைத் தவிர எதுவும் இதோட வாய்க்குள்ள போக வேண்டாம். மாமியார் சொன்னதுக்காக இல்லை. எனக்கே பயமா இருக்கு."

சமுந்தரி பெட்டியை மறுபடி தோளில் மாட்டிக்கொண்டாள். எழுந்து வெளியே வந்து தரன்னுமிடம் சாக்பீஸுக்காகக் கையை நீட்டினாள்.

"தீதி" என்றாள் தரன்னும். சிரிப்பெல்லாம் போய்விட்டிருந்தது. "அறுபத்து நாலு வீடு முடிச்சிருக்கோம். ஒரு எக்ஸ் இல்லை. நாளையோட முடியுது. ஆறாம் நாள் சடங்கு ஆனதும் நீயே போட்டுடப் போறே. இப்ப பி எழுதினா யாருக்கு நஷ்டம்?"

"இன்னைக்கு போடலையே."

"போடப் போறோமே."

"அது போட்ட அன்னைக்கு எழுதறதுக்கு."

பலகைக் கதவில் எக்ஸ் போட்டாள். கீழே தேதி, ஜோடி எண். ராம்சலித்தர் வேலியோரம் வலை பின்னிக்கொண்டிருந்தவர், எழுந்து வந்து கதவைப் பார்த்தார். படிக்கத் தெரியாதவர்; ஆனால் அந்தக் குறி எது என்று டோலாவில் எல்லோருக்கும் தெரியும். தோளைப் பிடித்துக்கொண்டே திரும்பிப் போய் உட்கார்ந்து, விட்ட இடத்திலிருந்து பின்னினார்.

மதியம் நவல்கிஷோர் பாபு படகில் வந்து இறங்கினார். கதவைப் பார்த்தவர் சட்டென்று கைக்குட்டையை எடுத்தார். கதவைத் துடைக்கவில்லை, தன் நெற்றியைத் துடைத்துக்கொண்டார்.

"வேற எந்த வீடுன்னாலும் புரிஞ்சுக்குவேன். உங்க வீடா? மருந்துக்காரி வீட்லயே மருந்து வேண்டாம்னா ஊர் என்ன சொல்லும்?"

"வேண்டாங்கலை பாபு. ஆறு நாள் போகட்டும்ங்கறா."

"ஆறு நாள் போனா சுற்று போயிடும். பட்டியல் போயிடும்." குரலைத் தணித்தார். "பொய் எழுதச் சொல்லலை. உங்களுக்கு அது பிடிக்காதுன்னு தெரியும். பிள்ளைக்கு மருந்து நல்லதுதானே? உங்க மக தூங்கற நேரம் ரெண்டு சொட்டு விட்டுடுங்க. பிள்ளைக்கும் நல்லது, தாள்ல எழுதறதும் உண்மை. யார் கேட்கப் போறா? பாட்டிக்கு இல்லாத உரிமையா?"

அவர் போன பிறகும் அந்தப் பேச்சு முற்றத்திலேயே நின்றது. அதில் தப்பு எங்கே இருக்கிறது என்று சமுந்தரியால் உடனே சொல்ல முடியவில்லை.

டோலாவை முடித்துவிட்டுப் பிற்பகலில் வந்தபோது புதேஸ்ரி துறைக்குப் போயிருந்தாள். அறைக்குள் ரூணா அசந்து தூங்கினாள். பிள்ளை விழித்திருந்தது, வாயைத் திறந்து திறந்து மூடியது. சமுந்தரி பெட்டியைத் திறந்து குப்பியை எடுத்தாள். அதன்மேல் ஒட்டியிருந்த, சூடு பட்டால் கறுத்துவிடுகிற சின்ன வெள்ளைச் சதுரம் வெள்ளையாகவே இருந்தது. மருந்து நல்ல மருந்து. குனிந்தால் போதும். வாய், விரல், கதவு. வரிசையும் மாறாது. திங்கட்கிழமை அவள் பெயர் போகும். செவ்வாய்க்கிழமை ரயில் அவரில்லாமல் போகும்.

மூடியைத் திருகினாள்.

அப்போதுதான் அவளுக்கு அது உறைத்தது. இத்தனை வருஷமும் வாய்தான் முதல் என்று எண்ணிக்கொண்டிருந்தாள். அதற்கு முன்னால் ஒன்று இருந்தது. எல்லா வீட்டிலும் தாய்தான் பிள்ளையை மடியில் வைத்து, ஒரு கையால் தாடையைப் பிடித்து, வாயை அவள் பக்கம் திருப்பிக் காட்டுவாள். அது தானாக நடந்துவிடுவதால் அதை ஒரு படியாக அவள் எண்ணியதே இல்லை. இங்கே பிள்ளையின் தாடையைப் பிடிக்க ஒரு கை இல்லை. அந்தக் கை இரண்டடி தள்ளித் தூங்கிக்கொண்டிருந்தது.

மூடியைத் திரும்பத் திருகிக் குப்பியைப் பனிக்கட்டிக்கு நடுவே வைத்தாள். பெட்டியைத் தூக்கிக்கொண்டு வெளியே வந்தாள். சரியாகச் செய்தோம் என்ற நிம்மதி ஒன்றும் வரவில்லை. வேலியோரம் குனிந்திருந்த கணவரின் முதுகைப் பார்க்காமல் துறைக்கு நடந்தாள்.

வெள்ளிக்கிழமை சுற்று முடிந்தது. சனிக்கிழமை எக்ஸ் வீடுகளைத் தேடி வருகிற ஜோடி வந்தது. பகுதி முழுக்க அவர்களுக்கு ஒரே ஒரு வீடுதான். கேட்டார்கள், ரூணா வேண்டாம் என்று தலையசைத்தாள், எக்ஸுக்குக் கீழே இன்னொரு தேதியை எழுதிவிட்டுப் போனார்கள்.

அன்று மாலை விளக்கு ஏற்றுகிற நேரத்துக்குப் பிள்ளை பால் குடிக்க மறுத்தது. உடம்பு தணல் பானை மாதிரி சுட்டது. நாலாம் நாள். ரூணா அழவில்லை. பிள்ளையை இறுக்கிக்கொண்டு சுவரைப் பார்த்தபடி இருந்தாள். புதேஸ்ரி வாய்க்குள் ஏதோ சொல்லிக்கொண்டே தணலைக் கிளறினாள். "விடிஞ்சதும் ஆஸ்பத்திரி" என்றாள் சமுந்தரி. ஆறு நாளாவதற்குள் அறையை விட்டு வெளியே போவதா என்று யாரும் கேட்கவில்லை.

ஞாயிறு விடியலில் படகுத்துறையில் பாதி டோலா நின்றது. பனியில் முகங்கள் சரியாகத் தெரியவில்லை. குரல்கள் மட்டும் கேட்டன.

"பெட்டிக்காரி வீட்டுப் பிள்ளைக்கே காய்ச்சலாம். சொட்டு போட்டிருப்பா."

"வியாழக்கிழமை என் பிள்ளைக்கும் போட்டாளே" என்று ஒரு தாய் இடுப்பிலிருந்த பிள்ளையின் நெற்றியைத் தொட்டுப் பார்த்தாள். இன்னொருத்தியும் தொட்டுப் பார்த்தாள். படகில் உட்கார்ந்திருந்த சமுந்தரிக்கு அந்தக் கைகள் தெரிந்தன. இன்னும் ஒரு நாழிகையில் இது ஆற்றின் இரண்டு பக்கமும் போய்விடும். அடுத்த சுற்றில் ஒரு கதவும் திறக்காது என்று அவளுக்குத் தெரியும். வாயைத் திறந்து சொல்லலாம். மருந்துக்காரியே மருந்துக்குச் சாட்சி சொன்னால் யார் கேட்பார்கள்?

"போடலை" என்றது கூட்டத்தில் ஒரு குரல். வடக்குக் கோடி வீட்டு ஜிதனி. "கதவுல எக்ஸ் இருக்கு. நான் பார்த்தேன்."

"போட்டுட்டு எக்ஸ் எழுதியிருப்பா. யாருக்குத் தெரியும்."

"யார் எழுதுவா, அவளா?" ஜிதனி காறித் துப்பினாள். "என் கடைக்குட்டி மாமன் வீட்டுக்குப் போனதுக்கு மூணு சுற்று என் வீட்டு மேல எக்ஸ் போட்டா. பி எழுதிட்டுப் போடின்னு சோறு போட்டுக் கெஞ்சினேன். சோத்தைத் தின்னுட்டு எக்ஸ் போட்டா. போட்டிருந்தா பி. போடலைன்னா எக்ஸ். அவளுக்கு வேற எழுதத் தெரியாது."

யாரோ சிரித்தார்கள். பிள்ளையின் நெற்றியில் இருந்த கைகள் ஒவ்வொன்றாக இறங்கின. ராம்சலித்தர் இடது கையால் கழியை ஊன்றிப் படகைத் தள்ளினார்.

கரைக்கட்டுக்கு அப்பால் இருந்த ஆஸ்பத்திரியில் பிள்ளைக்கு ரத்தத்தில் கிருமி என்றார்கள். கையில் ஊசியைக் குத்தி ஏழு நாள் மருந்து ஏற்றினார்கள். மூன்றாம் நாள் பிள்ளை பாலை உறிஞ்சியது. அன்று செவ்வாய்க்கிழமை. ராம்சலித்தர் பேரனின் பாதத்தைத் தொட்டுப் பார்த்துவிட்டு, பையை இடது தோளில் மாட்டிக்கொண்டு ஸ்டேஷனுக்குப் போனார். சமுந்தரி வாசல் வரை கூடப் போனாள். "சத்து மாவு பைக்குள்ள மேல இருக்கு" என்றாள். "ம்" என்றார்.

அவள் திரும்பி வந்தபோது ரூணா கண்ணைத் திறந்துகொண்டு படுத்திருந்தாள்.

"மாய், அன்னைக்கு மத்தியானம் நான் தூங்கலை."

சமுந்தரி கட்டிலருகே போனாள்.

"குப்பியை எடுத்ததைப் பார்த்தேன். எழுந்து தடுக்கணும்னு நினைச்சேன், உடம்பு வரலை. நீ மூடிட்டே." ரூணா பிள்ளையின் கையில் கட்டியிருந்த துணியைச் சரிசெய்தாள். "போட்டிருந்தா, அதாலதான்னு சொல்லியிருப்பேன். டாக்டர் என்ன சொன்னாலும் கேட்டிருக்க மாட்டேன். உன்னைக் காலம் முழுக்கச் சொல்லியிருப்பேன்."

சமுந்தரி மகளின் காலடியில் உட்கார்ந்தாள். பாதத்தை எடுத்து மடியில் வைத்துப் பிடித்துவிட்டாள்.

மறுநாள் நவல்கிஷோர் பாபு நாலு ஆரஞ்சோடு வந்தார். நாற்காலி இருந்தும் உட்காரவில்லை.

"பட்டியல் போயிடுச்சு" என்றார். "வேற ஜோடியில போற பூலோ தேவி பேரைப் போட்டாங்க. அவங்க பக்கம் எக்ஸே இல்லை."

"கேள்விப்பட்டேன்."

"நான் அன்னைக்குச் சொன்னதை நீங்க கேட்காம விட்டது நல்லதாப் போச்சு. போட்டிருந்தா..."

"போட்டிருந்தாலும் பிள்ளைக்கு ஒண்ணும் ஆகியிருக்காது பாபு. மருந்து நல்ல மருந்து." சமுந்தரி ஆரஞ்சுகளை வாங்கித் தட்டில் வைத்தாள். "கேட்காம போட்டிருந்தா அதை யாரும் நம்பியிருக்க மாட்டாங்க. அவ்வளவுதான்."

அவர் தலையாட்டினார். பூலோ தேவியின் பகுதியில் எத்தனை தணல் பானைகள் இருந்தன என்று அவளும் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை. இரண்டு பேருக்கும் அது தெரியாது. தெரிந்துகொள்ள ஒரு வழியும் இல்லை. அங்கே சுவர்கள் எல்லாம் "பி"யாக இருந்தன.

பிள்ளை வீடு திரும்பியதும் ஆறாம் நாள் சடங்கைத் தாமதமாகச் செய்தார்கள். சொந்தக்காரர்கள் வருகிறார்கள், கதவில் இப்படிப் பெருக்கல் குறி கிடந்தால் நன்றாகவா இருக்கிறது என்று புதேஸ்ரி ஈரத்துணியோடு வந்தாள். சமுந்தரி தடுக்கவில்லை. "சுற்று முடிஞ்சு போச்சு தீதி, துடைச்சுக்கோ. பி மட்டும் எழுதிடாதே" என்றாள்.

"எனக்கு எழுதத் தெரிஞ்சா நான் ஏன் கீரை ஆயறேன்" என்றாள் புதேஸ்ரி.

அதற்கடுத்த புதன்கிழமை கரைக்கட்டு ஊரின் துணைச் சுகாதார நிலையத்தில் தடுப்பூசி நாள். சமுந்தரியிடம் பெட்டி இல்லை. சுற்று இல்லாத நாளில் பெட்டி கிடையாது. மகளையும் பேரனையும் கூட்டிக்கொண்டு போய், மற்ற பெண்களோடு வரிசையில் நின்றாள். நர்ஸ் அவளை அடையாளம் கண்டுகொண்டாள்.

"என்ன, நீயே வரிசையில? பேரனுக்கு நீ போடாம இங்கே கொண்டு வந்திருக்கே?"

"நேத்துதான் சரின்னா."

ரூணா பிள்ளையை மடியில் மலர்த்தி, ஒரு கையால் தாடையைப் பிடித்து வாயைத் திருப்பிக் காட்டினாள். இரண்டு சொட்டு விழுந்தது. பிள்ளை முகத்தைச் சுளித்தது. விழுங்குகிறதா என்று மூன்று பேரும் பார்த்தார்கள். விழுங்கியது.

நர்ஸ் அட்டையில் தேதியை எழுதிக்கொண்டே, பூலோ தேவிக்குப் பயிற்சிக்கு உத்தரவு வந்துவிட்டது என்று சொன்னாள். சொன்ன பிறகு சொல்லியிருக்க வேண்டாமோ என்று நினைத்தவள் மாதிரி நிமிர்ந்து பார்த்தாள்.

சமுந்தரி அட்டையை வாங்கி, தேதி சரியாக இருக்கிறதா என்று ஒருமுறை படித்துப் பார்த்தாள்.

"ஜனவரிச் சுற்று எந்தத் தேதிக்கு வச்சிருக்காங்க?" என்று கேட்டாள்.